பாசியிலிருந்து டீசல்: ஏக்கருக்கு 55,000 லிட்டர் வருமா?

கேள்வி இதுதான். நண்பர் ஒருவரின் மச்சானுக்குத் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தை ஒட்டி நாலு ஏக்கர் இருக்கிறது, பயிர் வைக்க உதவாத நிலம். அதில் தொட்டி கட்டிப் பாசி வளர்த்தால் ஏக்கருக்கு வருடம் 55,000 லிட்டர் எண்ணெய் எடுக்கலாம், டீசலாக மாற்றி விற்கலாம், விதைப்பாசியும் பயிற்சியும் நாங்களே தருகிறோம் என்று ஒருவர் வந்து பேசியிருக்கிறார். முன்பணமும் கேட்கிறார். "நீங்கள் அந்த வேலையில் இருந்தவர்தானே, இது நடக்குமா?" என்று நண்பர் கேட்டார். போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வந்தவர் சொன்னதில் பாதி உண்மை, அதை முதலில் ஒத்துக்கொள்வோம். பாசியில் எண்ணெய் இருக்கிறது. நுண்பாசி என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். வேர், தண்டு, இலை என்று எதையும் வளர்க்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, நல்ல சூழல் கிடைத்தால் ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிடும். உப்புத் தண்ணீரிலும் வளரும், சோற்றுக்கான நிலத்தோடு போட்டி போடாது. இன்று நாம் எரிக்கிற கச்சா எண்ணெயில் பெரும்பகுதியே பழங்காலக் கடலில் வாழ்ந்த பாசிகளும் மிதவை உயிர்களும் மண்ணுக்குள் புதைந்து வெந்ததுதான். ஆக, பாசியிலிருந்து எரிபொருள் என்பது கட்டுக்கதை இல்லை. அந்த 55,000-தான் பிரச்சினை.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. 2007-ல் நியூசிலாந்தின் மாஸே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூசுஃப் சிஸ்டி ஒரு கட்டுரை எழுதினார், பாசி எரிபொருள் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதிகமாக எடுத்துக்காட்டிய கட்டுரைகளில் அது ஒன்று. அதில் ஒரு அட்டவணை. தென்னை என்றால் ஹெக்டேருக்கு 2,689 லிட்டர், எண்ணெய்ப்பனை 5,950 லிட்டர், 70 சதவீதம் எண்ணெய் உள்ள பாசி 1,36,900 லிட்டர். இதை ஏக்கருக்கு மாற்றிப் பாருங்கள், 55,000 சொச்சம் வரும். அடுத்த வரியிலேயே 30 சதவீதம் எண்ணெய் என்றால் 58,700 லிட்டர் என்று பாதிக்கும் குறைவான எண்ணும் இருக்கிறது, ஆனால் விற்க வருகிறவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. அதே சிஸ்டி 2013-ல் பாசி எரிபொருள் ஏன் சந்தைக்கு வர முடியவில்லை என்று, தடைகளை மட்டுமே பேசி, இன்னொரு கட்டுரை எழுதினார். அது இந்த ஆட்களின் கண்ணில் படவே இல்லை போல.

சரி, 1,36,900 ஏன் வராது? வெயிலில் விழுகிற சக்தியில் எத்தனை பங்கைப் பாசியால் பிடித்து வைக்க முடியும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, ஏட்டளவில் 11, 12 சதவீதம். திறந்தவெளித் தொட்டியில் கைக்கு வருவது 1 முதல் 3 சதவீதம். அந்த அட்டவணை எண் வர வேண்டுமானால் நம்மூர் வெயிலில் ஏழெட்டு சதவீதம் பிடித்தாக வேண்டும், அதுவும் வருடம் 365 நாளும், ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் சேர்த்து. வெயில் நிறைய இருக்கிறதே என்பார்கள். உச்சிவெயில் பாசிக்கு அதிகம். அதில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்திலேயே செல்லுக்கு வயிறு நிறைந்துவிடும், மிச்சத்தை வெப்பமாக வெளியே தள்ளிவிடும். மேலே மிதப்பவை தின்ன முடியாமல் திணறும்போது ஒரு சாண் கீழே இருப்பவை இருட்டில் பட்டினி. அதனால்தான் தொட்டியைக் கால் மீட்டர் ஆழத்துக்கு மேல் வெட்டுவதில்லை, துடுப்புச் சக்கரம் போட்டுத் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கிறோம்.

நான் வேலை பார்த்த திட்டத்தில் 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் அப்படி ஒரு தொட்டி இருந்தது. 25,000 லிட்டர் பிடிக்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது முருங்கைக்கீரையை அரைத்துக் கரைத்த மாதிரி நல்ல பச்சை, எல்லோருக்கும் சந்தோஷம், திங்கட்கிழமை அறுவடை என்று முடிவாகியிருந்தது. சனிக்கிழமை காலை காவலாளி போன் செய்து, "சார், தண்ணி டீ மாதிரி ஆயிடுச்சு, நுரையா இருக்கு, நாத்தம் அடிக்குது" என்றார். ஓடிப் போய் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ராட்டிஃபர் என்ற நுண்ணுயிர், பார்வை வட்டத்துக்குள் ஏழெட்டு. தலையில் மயிர்ச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு, கண்ணாடி போன்ற உடம்புக்குள் குடல் மட்டும் பச்சைப் பசேல் என்று நிறைந்திருந்தது. அந்தப் பச்சை எங்கள் இரண்டு மாத உழைப்பு. காற்றில் வந்ததா, தொட்டியில் இறங்கிய கொக்கின் காலில் வந்ததா, யாருக்குத் தெரியும். ஆய்வகக் குடுவையில் மூன்று வருடம் ஒழுங்காக வளர்ந்த பாசி அது.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கூத்தில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 1978-லிருந்து 1996 வரை, சுமார் 25 மில்லியன் டாலர் செலவில், இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. ஊர் ஊராகப் போய் 3,000-க்கு மேற்பட்ட பாசி வகைகளைச் சேகரித்தார்கள், அதில் 300 வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் என்ற ஊரில் ஆயிரம் சதுர மீட்டர் தொட்டிகள் கட்டி ஓட்டினார்கள். சில நல்ல நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை விளைந்தது, ஆனால் பாலைவன இரவுக் குளிரால் மொத்தச் சராசரி 10 கிராம்தான். இறுதி அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம், ஆய்வகத்தில் பொத்திப் பொத்தி வளர்த்த வகைகளை விட அந்தந்த ஊர்ப் பாசி தானாக வந்து தொட்டியைப் பிடித்துக்கொள்ள விடுவதே மேல் என்று அவர்கள் ஒத்துக்கொண்டது. பார்த்தீனியம் வளர்கிற இடத்தில் ரோஜா போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்தத் திட்டத்தில் தெரியவந்த இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பாசி எப்போது எண்ணெய் சேர்க்கிறது? நைட்ரஜன் சத்து தீர்ந்து பட்டினி கிடக்கும்போது. நல்ல சாப்பாடு கிடைக்கும்வரை அது உடம்பைப் பெருக்கும், கஷ்டகாலம் வந்தால் வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் கொழுப்பைச் சேமிக்கும். 60, 70 சதவீதம் எண்ணெய் என்று காட்டப்படும் படமெல்லாம் பட்டினி போட்ட பாசியின் படம். எண்ணெய் விகிதம் ஏறும், ஆனால் மொத்த விளைச்சல் இறங்கும், நாள் கணக்கில் பார்த்தால் கைக்கு வருகிற எண்ணெய் ஒன்றும் கூடியிருக்காது. வேகமாக வளர்வதும் கொழுப்பு சேர்ப்பதும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதற்காகத்தான் பின்னாளில் இத்தனை கோடிகளைக் கொட்டினார்கள்.

இப்போது நம் ஆளின் ஒரு ஏக்கருக்கே கணக்குப் போடுவோம். தாராளமாகவே போடுகிறேன்: சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், அதில் கால்வாசி எண்ணெய். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக நாளுக்கு 81 கிலோ காய்ந்த பாசி, 20 கிலோ எண்ணெய், லிட்டரில் 22. ஒருநாள்கூடப் படுக்காமல் ஓடினால் வருடத்துக்கு 8,000 லிட்டர். எண்ணெய்ப்பனையை விட மூன்று மடங்கு அதிகம் என்பது உண்மைதான், சாதாரண விஷயமில்லை. ஆனால் பனங்குலையை அரிவாளால் வெட்டி எடுக்கலாம். பாசியை எப்படி எடுப்பது?

திறந்த தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் பாசி இருந்தால் அடர்த்தி நன்றாக இருக்கிறது என்போம். சென்னையில் தெருவில் வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த லாரி முழுக்கப் பச்சைத் தண்ணீர் என்றால் உள்ளே இருக்கும் காய்ந்த பாசி 6 கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர் சொச்சம். ஒரு லாரித் தண்ணீரையும் வடிகட்டி, ஒன்றரை லிட்டர். நம் ஏக்கருக்கு 81 கிலோ வேண்டுமென்றால் தினமும் 13, 14 லாரித் தண்ணீரைப் பாசி வேறு நீர் வேறாகப் பிரித்தாக வேண்டும். செல் ஒன்றின் அளவு சில மைக்ரான், சாதாரணத் துணியில் நிற்காது. படிகாரம் மாதிரி எதையாவது போட்டுத் திரட்டி அடியில் படிய வைக்க வேண்டும், அப்புறம் பால் பிரிக்கிற இயந்திரம் போல வேகமாகச் சுற்றிப் பிரிக்க வேண்டும், அத்தனையும் மின்சாரம். பிரித்து முடித்தால் கிடைப்பது இட்லி மாவுப் பதத்தில் ஒரு பச்சைக் களி, அதிலும் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஒரு கிலோ பாசியைக் காயவைக்க 4 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும், அதற்குச் சுமார் 10 மெகாஜூல் வெப்பம் தேவை. அந்த ஒரு கிலோ பாசியை எரித்தால் கிடைக்கும் மொத்த சக்தியே 22 மெகாஜூல் பக்கம்தான். பாதி அங்கேயே போச்சு. வெயிலில் காய வைக்கலாமே என்று நாங்களும் தார்ப்பாயில் பரப்பிப் பார்த்தோம். மேல்தோல் காய்ந்து அடியில் புளித்து, அந்த வாடை ஒரு வாரம் கையை விட்டுப் போகவில்லை.

எள்ளைச் செக்கில் போட்டால் எண்ணெய் வருகிறது, ஏனென்றால் எள் காய்ந்தே வருகிறது, பாதி எண்ணெய், தோலும் மெல்லிசு. பாசிச் செல்லின் சுவர் கெட்டி, எண்ணெய் உள்ளே பொட்டுப் பொட்டாக இருக்கும், செக்கில் நசுங்காது, கரைப்பானைக் கொண்டுதான் இழுக்க வேண்டும். காயவைக்காமலே களியை 350 டிகிரியில், இருநூறு மடங்கு காற்றழுத்தத்தில் வேகவைத்துக் கச்சா எண்ணெய் ஆக்குகிற முறை ஒன்றும் இருக்கிறது, அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2013-ல் செய்து காட்டி, பூமி பல லட்சம் வருடத்தில் செய்ததை ஒரு மணி நேரத்தில் செய்கிறோம் என்று பத்திரிகையிலெல்லாம் வந்தது. நல்ல முறைதான், என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுவே உருப்படியான வழி. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்குகிற கலனை உப்பளத்து ஓரத்தில் கொட்டகை போட்டு வைக்க முடியாது.

தண்ணீர்க் கணக்கு இன்னும் முடியவில்லை. நம் பக்கம் வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தால் ஒரு ஏக்கரில் 20,000 லிட்டர் காற்றோடு போகும். 22 லிட்டர் எண்ணெய்க்கு 20,000 லிட்டர். கடல்நீர் இருக்கிறதே என்றால், ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். உப்பளக்காரருக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. இழந்ததைக் கடல்நீரையே ஊற்றி ஈடுகட்டினால் மாதங்கள் போகப்போகத் தொட்டி உப்புப் பாத்தியாகிவிடும். அமெரிக்காவில் 2012-ல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இதைப் பெரிய அளவில் கணக்குப் போட்டது. நாட்டின் போக்குவரத்து எரிபொருளில் வெறும் 5 சதவீதத்தைப் பாசியிலிருந்து எடுக்க, 60 லட்சம் முதல் 150 லட்சம் டன் வரை நைட்ரஜன் வேண்டுமாம், அந்த நாடு பயன்படுத்துகிற மொத்த நைட்ரஜனில் 44 முதல் 107 சதவீதம். நம் ஏக்கருக்கே தினம் 12 கிலோ யூரியா பக்கம் ஆகும். யூரியா எதிலிருந்து வருகிறது? இயற்கை எரிவாயுவிலிருந்து. எரிவாயுவை எரித்துப் பாசி வளர்த்து டீசல் எடுப்பதை நினைத்தால் சிரிப்புதான் வரும்.

புகையைத் தின்னும் என்று ஒரு பேச்சு உண்டு, தூத்துக்குடி என்றதும் அனல்மின் நிலையத்தைக் கட்டாயம் இழுத்திருப்பார்கள். ஒரு கிலோ பாசிக்கு 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும், உண்மை. காற்றில் இருக்கிற 0.04 சதவீதம் போதாது, புகைக்குழாயிலிருந்து கொண்டு வந்தால் வேகமாக வளரும், அதுவும் உண்மை. நம் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 146 கிலோ போதும். 210 மெகாவாட் அலகு ஒன்று நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் கிட்டத்தட்ட 5,000 டன் விடும், அதைத் தின்ன 30,000 ஏக்கருக்கு மேல் தொட்டி வேண்டும். இரவில் பாசி தின்னாது, மின்நிலையமோ இரவிலும் ஓடும். தின்றதும் டீசலாக எரியும்போது மறுபடி வானத்துக்கே போகும்.

இவ்வளவும் தெரியாதவர்களா பணம் போட்டார்கள் என்று கேட்பீர்கள். தெரிந்தவர்கள்தான் போட்டார்கள். 2008-ல் கச்சா எண்ணெய் பீப்பாய் 140 டாலரைத் தாண்டியதும் எல்லோருக்கும் ஆசை வந்தது. 2009-ல் எக்ஸான்மொபில், மரபணு ஆய்வில் பேர் பெற்ற கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 60 கோடி டாலர் வரை போடுவதாக அறிவித்தது. நாலு வருடம் கழித்து, இயற்கைப் பாசியால் ஆகாது, அடிப்படையிலிருந்து தொடங்குகிறோம் என்றார்கள். 2017-ல் நானோகுளோரோப்சிஸ் என்ற பாசியில் ஒரு மரபணுவைத் தட்டி, வளர்ச்சி குறையாமலே எண்ணெயை 20 சதவீதத்திலிருந்து 40-க்கு மேல் ஏற்றிக் காட்டினார்கள், மேலே சொன்ன பட்டினிச் சிக்கலுக்கு அதுதான் இதுவரை வந்த சரியான அடி, நான் அன்று கைதட்டினேன். 2025-ல் தினம் 10,000 பீப்பாய்க்கான திறன் எட்டுவோம் என்றார்கள். 2023-ல் எக்ஸான் கையை உதறிக்கொண்டு வெளியேறிவிட்டது. நியூ மெக்சிகோவில் பெரிய பண்ணை போட்ட சஃபையர் எனர்ஜி 2017-ல் கை மாறியது. சோலசைம் என்ற நிறுவனத்தின் கதை இன்னும் சுவாரசியம். அவர்கள் வெயிலே வேண்டாம் என்று இருட்டு உலையில் பாசிக்குச் சர்க்கரை ஊட்டி எண்ணெய் எடுத்தார்கள். அவர்கள் எண்ணெயும் கலந்த எரிபொருளை வாங்க அமெரிக்கக் கடற்படை 2011 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது, மொத்தம் 4,50,000 கேலன், 1.2 கோடி டாலர், கேலன் 26 டாலர் சொச்சம். கடைசியில் பெயரை மாற்றி, உணவுப் பொருளுக்குத் திரும்பி, 2017-ல் திவாலாகி, கார்பியான் என்ற டச்சு நிறுவனம் அதை வாங்கியது. இன்று அந்தத் தொழில்நுட்பத்தில் மீன் தீவனத்துக்கு ஒமேகா-3 தயாராகிறது.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. பாசி வளர்ப்பு என்பது நமக்குத் தெரிந்த விவசாயத்திலேயே அதிகச் செலவு பிடிப்பது, டீசலோ மலிவான சரக்கு. 22 லிட்டருக்கு நாளொன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம்தான் வரும். அதே தொட்டியில் ஸ்பைருலினா என்ற சத்துணவுப் பாசியைப் போட்டு, விளைச்சல் பாதியாகவே இருந்து 40 கிலோ வந்தாலும், கிலோ 400 ரூபாய் என்றால் 16,000 ரூபாய். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பல வருடமாக ஸ்பைருலினாப் பண்ணை ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு, ஸ்பைருலினா வாழ்கிற சோடா உப்புத் தண்ணீரில் எங்கள் ராட்டிஃபர் மாதிரி ஆட்கள் சுலபத்தில் வர முடியாது. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை அமிலக் கழிவுநீரைப் பாசி வளர்த்தே சரி செய்தது. அங்கே சத்தும் தண்ணீரும் இலவசம், சுத்தம் செய்ததற்கே கூலி, பாசி கொசுறு. பாசி எண்ணெய் என்றாவது கட்டுப்படியாகும் என்றால் அப்படிக் கொசுறாக வரும் இடத்தில்தான் ஆகும் என்று நினைக்கிறேன். அதுவும் கார் லாரிக்கு இல்லை, அவை பேட்டரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பேட்டரி சுமந்து நெடுந்தூரம் பறக்க முடியாத விமானத்துக்கு.

காட்டாமணக்கு ஞாபகம் இருக்கிறதா? தரிசு நிலத்தில் டீசல் காய்க்கும் என்றார்கள். 2009 தேசியக் கொள்கையில் 2017-க்குள் 20 சதவீதம் உயிரி எரிபொருள் கலப்பு என்று எழுதிவைத்தார்கள். நம் மாவட்டங்களிலும் நட்டார்கள், தண்ணீர் ஊற்றாமல் காய்க்கவில்லை, பிடுங்கிப் போட்டார்கள். செடி விற்றவர்கள் மட்டும் நஷ்டப்படவில்லை. உங்கள் மச்சானிடம் வந்தவரும் விதைப்பாசியும் பயிற்சியும் விற்கிறார் என்பதைக் கவனியுங்கள், எண்ணெய் விற்கவில்லை.

நிலத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், கோடையில் உப்புப் பாத்தி செக்கச் சிவந்து போகிறதே, அதில் இருக்கிற டுனாலியெல்லா என்ற பாசியைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவிலும் இஸ்ரேலிலும் அதை வளர்த்து பீட்டா கரோட்டின் எடுத்து விற்கிறார்கள், அந்த உப்பில் வேறு அதிகம் பிழைக்காது என்பதால் களைத் தொல்லையும் குறைவு. அதிலும் வாங்க ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் குழி வெட்ட வேண்டும். முன்பணம் கேட்டவரிடம் ஒன்று மட்டும் கேட்கட்டும். அவர் ஓட்டுகிற தொட்டியின் அறுவடை நோட்டு, ஒரு வருடத்துக்கு, தேதி வாரியாக, மழை நாளும் தொட்டி படுத்த நாளும் சேர்த்து, கரண்ட் பில்லோடு. இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.